மூடி போட்ட வாளி

மார்ச் 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். நான் நலமாக இல்லை. நேற்று நீ மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டாய். மணி அடித்தது காதில் விழுந்தும் எடுக்கவில்லை. வாயால் பேசியதை மறுநாள் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மாற்றிக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதியதை மாற்ற முடியாது. இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

ஜனவரி 7ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு என் வலது கை ஆள்காட்டி விரலில் கெளுத்தியின் பக்கமுள் குத்தியது. நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு சொட்டு ரத்தம் வந்தது, சோப்புப் போட்டுக் கழுவினேன், மறந்துவிட்டேன். பிப்ரவரி பிறந்தபோது அந்த விரல் முட்டியில் ஒரு கட்டி எழும்பியது. அழுத்தினால் வலிக்கவில்லை. அடுத்த வாரம் மணிக்கட்டில் இன்னொன்று. பிறகு முன்கையில் ஒன்று. பேருந்து நிறுத்தங்கள் மாதிரி ஒரே வரிசையில் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

முதலில் பார்த்த மருத்துவர் மூட்டுவாதம் என்றார். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவர் அப்படிச் சொன்னதால் நான் நம்பவில்லை. தோல் மருத்துவரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, நீங்க மீன் வெட்டுவீங்களா?” என்பதுதான். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பினாள். முடிவு நேற்று முன்தினம் வந்தது. “காசநோய்க் கிருமி தெரியும் இல்லையா? அதுக்கு இது சித்தப்பா பையன் மாதிரி. தண்ணியில இருக்கும், மீன் மேல இருக்கும். சமைச்சா செத்துரும். ஆனா கையில சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள குடி வந்துரும். அவசரமே படாது, மெதுவாத்தான் வளரும்” என்றாள்.

நான் மீன் வாங்குவது உன் கடையில் மட்டும். இது உனக்கும் தெரியும்.

உன் கடைத் தொட்டிகளில் தண்ணீரை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுகிறீர்கள்? செத்து மிதந்ததை உன் கணவர் என்ன செய்கிறார்? முந்தாநாள் செத்ததை இன்று வெட்டி, இப்போதுதான் துடித்தது என்று கொடுப்பதாக நான் எப்போதிருந்தோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கை இப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது.

நீங்கள் கடிதம் எழுதியது மூன்றாம் தேதி. ஆறாம் தேதி காலை சுகாதார ஆய்வாளர் இரண்டு ஆட்களோடும் பனிக்கட்டிப் பெட்டியோடும் கடையில் வந்து நிற்கிறார். நான் பதில் எழுதும்வரைகூட உங்களால் பொறுக்க முடியவில்லை. சந்தை முழுக்க வேடிக்கை பார்த்தது. பக்கத்துக் கோழிக்கடைக்காரர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். தொட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார்கள். ஒரு கெண்டையைப் பிடித்துச் செவுளில் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்தார்கள், வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்தார்கள், குழாயின் வாயைக்கூடத் துடைத்தார்கள். “யாரு சார் புகார் குடுத்தது?” என்று இவர் கேட்டார். “புகார்னு இல்லைங்க, தகவல்” என்றார் ஆய்வாளர். கையெழுத்துப் போடாத தகவலா என்று நான் கேட்கவில்லை. உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தினம் காலை ஐந்தரைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்து, புதிதாக நிரப்புகிறோம். செத்ததைத் தனி வாளியில் போடுவோம், கோழித்தீவன ஆலைக்காரர் எடுத்துப் போவார். முப்பத்தொரு வருடமாகக் காலையிலிருந்து இரவு வரை என் இரண்டு கையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன. முள் குத்தாத விரல் எனக்கு ஒன்றும் கிடையாது. என் கையில் ஏன் உங்கள் பேருந்து நிறுத்தங்கள் இல்லை?

இன்னொன்று. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மீனைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேருந்து மாறி, வீட்டுத் தண்ணீரை மூடி போட்ட வாளியில் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து, உயிரோடு மீனை அதில் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிற ஒரே ஆள் நீங்கள்தான். எங்கள் தண்ணீர் உங்கள் மீன்மேல் பட்டுவிடக் கூடாது! மீன் பிறந்ததிலிருந்து எந்தத் தண்ணீரில் இருந்தது என்று நினைத்தீர்கள்? சந்தையில் உங்களுக்கு வாளி மேடம் என்று பெயர். இவர் சொல்வார், “உங்கக்காவுக்கு முன்னாடி அவங்க சந்தேகம் கடைக்குள்ள வந்துரும், அதுக்கப்புறம் வாளி, அதுக்கப்புறம்தான் அவங்க.” நான் சிரித்ததில்லை. இப்போது சிரிக்கிறேன்.

உங்கள் தங்கை

*

மார்ச் 12

தங்கைக்கு,

திடீரென்று ‘நீங்கள்’ எதற்கு? அறுபது வயதுக்கு மேல் உனக்கு மரியாதை வந்திருக்கிறது என்று நான் நம்பவில்லை. அது குத்தல். புரிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. கான்வென்டில் படித்த காலத்தில், வகுப்பில் கண்ணாடி உடைந்தபோது எழுந்து நின்று “நான் பார்த்தேன், உடைத்தது இவள்” என்று சொன்னவள் நான். அந்த ‘இவள்’ யார் என்று உனக்கு நினைவிருக்கும். உன் கடையைப் பற்றி எனக்குப் புகார் இருந்திருந்தால் முழுப் பெயரும் முகவரியும் போட்டு, உனக்கு ஒரு நகலும் அனுப்பியிருப்பேன்.

நடந்தது இவ்வளவுதான். இந்தக் கிருமி என்று முடிவு வந்தால் ஆய்வுக்கூடம் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டுமாம். மருத்துவரின் மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மீன் எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி. உன் கடையின் எண், சந்தையின் எந்த வாசல் என்பதுவரை எழுதினேன். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியது புகார் ஆகாது.

உன் கணவரின் நகைச்சுவையை ரசித்தேன் என்று சொல். வாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் முப்பத்திரண்டு வருடம் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்தார். எந்தத் தண்ணீரை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

உன் கை நன்றாக இருப்பது உன் தொட்டி நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி இல்லை. உன் தோல் தடித்துப் போயிருக்கலாம்.

கட்டி முழங்கைக்கு ஏறிவிட்டது. மாத்திரை நான்கு மாதத்துக்கு. விரல் முட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்கிறாள் மருத்துவர். அதற்குப் பிறகு அந்த விரல் மடங்குமா என்பதற்கு உத்தரவாதம் தரவில்லை. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. தகவலுக்காக.

அக்கா

*

மார்ச் 17

அக்கா அவர்களுக்கு,

நானும் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் தேதி கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இறக்கிவிட்ட இரும்புக் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது. தொட்டியிலிருந்த மீன் அத்தனையையும் சந்தைக்குப் பின்னால் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைத்தார்கள். நோயில்லாத மீனை இவர் இதுவரை புதைத்ததில்லை. மண்வெட்டியை வாங்கித் தானே மூடினார். 

உங்கள் நோய்க்கு மூலம் எது என்று தெரியும்வரை திறக்க முடியாது என்கிறார்கள். அறுபது நாள் தொடர்ந்து மூடிக் கிடந்தால் சந்தைக் கமிட்டி இடத்தை வேறு ஆளுக்கு எழுதிக்கொடுத்துவிடும். அது விதி. மே ஒன்பதோடு அறுபது நாள் முடிகிறது. கோழிக்கடைக்காரர் இப்போதே எங்கள் கதவை முழம் போட்டு அளந்து பார்க்கிறார். இவருக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் இருவருக்கும் இதைத் தவிர வேறு தொழில் தெரியாது. இனி யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவும் போவதில்லை.

நேற்று ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். நல்ல மனிதர்தான், தலைவலிக்காரர் மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார். “தொட்டித் தண்ணியில அந்தக் கிருமி காணோம். ஆனா அது மெதுவா வளர்ற ஜாதி, ஒரு தடவை காணலேன்னா இல்லன்னு எழுத முடியாதும்மா. நோயாளி எழுதின படிவத்துல ஒரே ஒரு இடம்தான் இருக்கு, அது உங்க கடை” என்றார். உங்கள் படிவத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். அந்தக் கையெழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். அச்சடித்த மாதிரி.

தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். ஜனவரி 7, கெளுத்தி என்று இருந்தது. எனக்கு எழுதியதிலும் அப்படியே.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில்தான் உறைத்தது. எங்களுக்குக் கெளுத்தி கொடுத்துவந்த பண்ணைக்காரர் நவம்பர் கடைசியில் குளத்தை வற்றவைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு கெளுத்திகூட இல்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் நீங்கள் வந்தபோதெல்லாம் கெண்டைதான் வாங்கினீர்கள். ஒருமுறை, “கெளுத்தி இல்லையா?” என்று நீங்களே கேட்டீர்கள். இல்லை என்று நான் சொன்னதும் ஏனோ உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

ஜனவரி 7ஆம் தேதி உங்களைக் குத்திய கெளுத்தி எங்கிருந்து வந்தது? வேறு கடையில் வாங்கினீர்களா? என் கடையில் மட்டும் வாங்குகிறேன் என்று எழுதியது பொய்யா? நாட்குறிப்பில் தேதியைத் தப்பாக எழுதுகிற ஆள் இல்லை நீங்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 21

தங்கைக்கு,

எழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்க வேண்டாம். இடது கையால் எழுதுகிறேன். விரலைப் பதினெட்டாம் தேதி திறந்தார்கள்.

நான் வேறு எந்தக் கடையிலும் மீன் வாங்கவில்லை. தேதியும் சரி. மீனும் கெளுத்திதான். இதற்கு மேல் உனக்கு விளக்கம் சொல்லும் கடமை எனக்கு இல்லை. உன் பண்ணைக்காரர் குளத்தை வற்றவைத்தார் என்பதற்கு உன் வாய்ச்சொல்லைத் தவிர என்ன இருக்கிறது?

உன் கடிதங்களை நான் இரண்டு முறை படிக்கிறவள். தொட்டித் தண்ணீர், செவுள், குடல், குழாய் என்று ஆய்வாளர் எடுத்ததையெல்லாம் எழுதியிருக்கிறாய். மீன் வெட்டும் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழாயின் வாயைக்கூடத் துடைத்தவர்கள் கட்டையை விட்டிருப்பார்களா? நடுவில் பள்ளம் விழுந்து, வெட்டுவாயெல்லாம் கறுத்து, எப்போதும் ஈரமாக இருக்கும் அந்தக் கட்டையைக் கண்டுதான் நான் உன்னிடம் மீனை வெட்டக் கொடுத்ததே இல்லை. அதன் முடிவு என்ன ஆயிற்று?

நீ எதையோ மறைக்கிறாய்.

அக்கா

*

மார்ச் 27

அக்கா,

நேற்று முன்தினம் உன் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். நீ மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். திரை ஆடியது. காற்று இல்லை. கையில் கட்டுப் போட்ட அக்காவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவளை வெயிலில் நிற்கவைத்தாய். எழுத்தில்தான் எல்லாம் என்றால், இதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் குப்பை கொட்ட வெளியே வந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது, நம் மூக்கு ஒரே மூக்குதானே.

“உள்ள வரச் சொல்ல எனக்கு பயமா இருக்குங்க. அம்மா யாரையும் விட வேணாம்னுட்டாங்க.”

“பின்பக்கமா வரட்டுமா?”

“ஐயய்யோ, பின்பக்கம் எனக்கே தடை. அங்க இருக்கிற கல்தொட்டிய நான் தேய்க்கவே கூடாதுன்னு உத்தரவு. மழைக்காலத்துல இருந்து தேய்க்கல. பச்சையா வழவழன்னு கெடக்கு. சுத்தம் சுத்தம்னு என் உயிரை வாங்குறவங்க, அதுல மட்டும் கைய வைக்க விட மாட்டேங்கிறாங்க. துணி துவைக்கிற தூள் வாடையே அந்தப் பக்கம் வரக் கூடாதாம்.”

பழத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பிட்டாயா, அதையும் கழுவி வாளியில் ஊறவைத்தாயா தெரியவில்லை.

கட்டையைப் பற்றிக் கேட்டாய். சரி. நான் மறைத்தேன். அந்த முடிவு என் போன கடிதத்துக்கு முந்தின நாளே, ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனபோதே தெரிந்துவிட்டது. கட்டை வெட்டுக்களில் வயிற்றுப்போக்குக் கிருமி புழுத்துக் கிடக்கிறதாம். குடலை எடுக்கிற இடத்திலேயே சதையையும் துண்டு போட்டால் அப்படித்தான் ஆகும் என்று ஆய்வாளர் சொன்னார். “தண்ணிய தெனம் மாத்துற நீங்க, கட்டைய ஒரு தடவையாவது மாத்தினீங்களா?” என்று கேட்டார்.  முப்பத்தொரு வருடம் கையால் தேய்த்துத் தேய்த்து அது சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். மீனை நன்றாகச் சமைக்கிறார்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டையில் மீனை வெட்டிய கத்தி, வீட்டில் அந்த மீனைத் தொட்ட கை வேறு எதையெல்லாம் தொட்டிருக்கும்? யாருக்கெல்லாம் ஒரு நாள் வயிறு கலங்கியது, எந்தக் குழந்தை வாந்தி எடுத்தது, எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டையை எரித்துவிட்டோம். ஈரக்கட்டை, லேசில் பற்றவில்லை. நீ சொன்னது சரி. சொல்லிவிட்டேன்.

ஆனால் உன் கையில் இருப்பது அந்தக் கட்டைக் கிருமி இல்லை என்று ஆய்வாளர் அடித்துச் சொல்கிறார். அது வேறு, இது வேறு. இது பல நாள் தேங்கின தண்ணீரில், கல்லில் படிகிற வழவழப்பில் குடியிருப்பது.

என்னிடம் இருந்ததை நான் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். உன் கல்தொட்டியில் என்ன இருக்கிறது?

இன்னும் நாற்பத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

தங்கை

*

ஏப்ரல் 2

தங்கைக்கு,

பழம் கிடைத்தது. கழுவினேன். ஊறவைக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு சுகாதார அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. முதலில் அதைப் படி. அதில் உள்ளது அவர்களுக்குத் தேவையான அளவு. இதில் உள்ளது உனக்கு.

உன் கடைத் தண்ணீரை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் வாங்கி வரும் மீனை உடனே வெட்டாமல், மூன்று நாள் என் கிணற்றுத் தண்ணீரில் விட்டு வைப்பேன். வயிறு காலியாகி, உன் தொட்டியின் அழுக்கெல்லாம் கழிந்த பிறகு வெட்டுவேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனைக் கொன்றுவிடும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதனால் மருந்து படாத கிணற்றுத் தண்ணீர். பிளீச்சிங் தூள் போட்டுத் தேய்த்தால் கல்லில் மருந்து தங்கிவிடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய் என்று தெரியும்.

நவம்பர் 24ஆம் தேதி வாங்கியவை இரண்டு கெளுத்திகள். மூன்றாம் நாள் ஒன்றை வெட்டினேன். இரண்டாவதை எடுத்தபோது கையிலிருந்து வழுக்கிச் சமையலறைத் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். அது துள்ளவில்லை. தன் இரண்டு பக்கமுள்ளையும் தரையில் ஊன்றி, உடம்பை இப்படியும் அப்படியும் வளைத்து, நடந்தது. மேசைக்குக் கீழே போகவில்லை, மூலைக்குப் போகவில்லை. திறந்திருந்த பின்கதவைப் பார்த்து நடந்தது. கத்தியோடு நான் வாசற்படியில் நின்றிருந்தேன். என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நான் விலகி வழி விட்டேன்.

ஏன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. இருபது நிமிடமாயிற்று அது தொட்டிவரை போக. கடைசியில் நான்தான் தூக்கி உள்ளே விட்டேன்.

நாளைக்கு வெட்டலாம் என்று மறுநாள் நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். காற்றுக் குடிக்க அது மேலே வரும், உனக்குத் தெரிந்திருக்கும். சோற்றுப் பருக்கை போட்டேன். ஒரு வாரத்தில், வாளி மூடியை இரண்டு முறை தட்டினால் வந்துவிடும் என்று ஆயிற்று. தண்ணீரை முழுக்க மாற்றினால் அதற்கு ஆகாது என்று, குறைகிற அளவுக்கு மட்டும் ஊற்றினேன். பிற்பகலில் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பேசினேனா என்று நீ கேட்பாய். பத்திரிகை படித்துக் காட்டினேன். தலையங்கம் மட்டும். ஜனவரி 7 அன்று இலை ஒன்றை எடுக்கத் தண்ணீரில் கை விட்டேன், அது உணவென்று நினைத்துத் திரும்பியது, முள் குத்தியது. அதன் தவறு இல்லை.

கடையில் கெளுத்தி இல்லை என்று நீ சொன்னபோது என் முகத்தில் நிம்மதி தெரிந்தது என்றாய். கண் கூர்மையாகத்தான் இருக்கிறது. இருந்திருந்தால் நான் வாங்கி, வெட்டித் தின்ன வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. உன் கண்ணில் பட்டிருக்காது, பின்பக்கத்தில் இருந்தது. ‘வீட்டில் உயிர்மீன் வைத்திருக்கிறீர்களா?’ நான் ‘இல்லை’ என்று எழுதினேன். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். குடிநீர் வாரியப் பொறியாளரின் மனைவி, பாசி பிடித்த தொட்டியில் ஒரு கெளுத்திக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறாள் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக உன் கடையைக் கொடுத்தேன். அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் செய்தது அதுதான்.

கண்ணாடியை உடைத்தவள் பெயரைச் சொல்ல எழுந்து நின்றவள் நான். இந்த முறை ஒரு மாதம் உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கிருமி மீனோடு உன் கடையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். வந்திருந்தாலும் வளர்த்தது நான்.

அக்கா

*

மே 4

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று காகிதம் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அழுதிருந்தேன், ஒன்றில் தலையங்கம் என்ற சொல்லைத் தாண்டி எழுத முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் படித்துவிட்டு, “பாவம், அந்த மீனு” என்றார்.  இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை என்பதால் உனக்கு நன்றி.

முடிவுகள் எல்லாம் வந்துவிட்டன. உன் தொட்டித் தண்ணீரிலும், கல்லைச் சுரண்டியதிலும், மீனின் தோலிலும் அதே கிருமி. கொத்துக் கொத்தாக. எங்கள் தொட்டிகளில் இரண்டாம் முறை பார்த்தும் இல்லை. முதலில் எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அந்த நவம்பர்த் தண்ணீர் எப்போதோ சாக்கடையில் போய்விட்டது என்றார் ஆய்வாளர். பண்ணைக்காரரின் குளமும் வறண்டு கிடக்கிறது. அதனால் உன் சந்தேகத்தை நீ வைத்துக்கொள். நானும் பாதியை வைத்துக்கொள்கிறேன். கெண்டை கொடுக்கிற பண்ணைகளிலும் இனி ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனை செய்த காகிதம் கேட்கப் போகிறேன். கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு உன்னோடு பழகிப் பழக்கம்.

நாளை மறுநாள் கதவைத் திறக்கிறோம். மூன்று நாள் மிச்சத்தில். கோழிக்கடைக்காரர் தன் முழக்கோலை எடுத்து வைத்துவிட்டார். குடல் எடுக்க ஒன்று, சதை வெட்ட ஒன்று என்று இரண்டு வெள்ளைப் பலகை, பிளாஸ்டிக். சத்தமே வேறு மாதிரி கேட்கிறது. கையுறையும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இவர் மணமகன் மாதிரி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆய்வாளர் உன் வீட்டுக்கு மீனை எடுத்துப் போக வந்ததைப் பற்றிச் சொன்னார். நீ எழுத மாட்டாய் என்று தெரியும், அதனால் நான் எழுதுகிறேன், நடந்ததாக ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும்.

“நான் புடிச்சுக்குறேன்மான்னேன். வேணாம்னாங்க. கையுறை போட்டிருந்தாங்க, முழங்கை வரைக்கும். வாளியத் தொட்டிக்குள்ள சாய்ச்சு வெச்சு, மூடிய ரெண்டு தட்டுத் தட்டினாங்க. மீனு தானா வாளிக்குள்ள வந்துச்சு. மூடிய மூடி எங்கிட்ட குடுத்தாங்க. ‘ஆட்டாம எடுத்துப் போங்க’ன்னாங்க. சோதனைக்குக் கொண்டு போறோம், அறுக்கத்தான் போறோம்னு அவங்களுக்குத் தெரியும். வாளிய திருப்பி அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க.”

விரல் மடங்குகிறதா? ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று சொன்னால் வருகிறேன்.

தங்கை

*

மே 7

தங்கைக்கு,

விரல் பாதி மடங்குகிறது. இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதியிருக்கிறேன். எழுத்து முன்போல் இல்லை. கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்.

கல்தொட்டியைப் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் மூன்று முறை பிளீச்சிங் தூள் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பின்பக்கம் இப்போது யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் கடைக்கு வருகிறேன். கெண்டை ஒன்று போதும், நடுத்தரமாக. உன் தண்ணீரிலிருந்து எடுத்து, நீயே வெட்டிக் கொடு. வாளி கொண்டுவரவில்லை.

வெட்டுவதற்கு முன் பலகையைக் கழுவுவாய் அல்லவா, அப்போது மட்டும் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா